இலண்டன் கிழக்குப் பகுதியில் அரசின்மைவாதிகள்

யூத சமயத்தவரின் ஆண்டு வட்டத்திற் பாவநிவிர்த்தி நாளினும் மேலான புனித நாள் பிறிதொன்றில்லை. முதல் நாள் மாலை கதிரவன் மறைவது தொடங்கி மறுநாள் இருள் சூழும் வரை நீரும் அருந்தாது நோன்பிருந்து, பகற்பொழுது முழுவதையும் செபாலயத்திற் கழிப்பது அவர்தம் மரபு. ஆண்டு முழுதும் செபாலயத்தின் வாயிலை மிதியாதவனும் அன்றைக்கு அங்கே போய் நிற்பான். 1888ஆம் ஆண்டில் அந்நாள் வந்தபோது, இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த இளைஞர் சிலர் புதுமையான ஒரு காரியத்தைச் செய்தனர். ஊர் முழுவதும் பட்டினி கிடக்கும் அந்நாளில் விருந்தும் நடனமும் நடத்தினர். அவர்களும் யூதரே. நோன்பு நோற்றவரும் நடனமாடியவரும் ஒரே ஒடுங்கிய தெருக்களில் வாழ்ந்து, ஒரே தொழிலைச் செய்து, ஒரே வறுமையை அனுபவித்தவர்கள். இவ்விளைஞர்கள் அயலவரைப் பகைத்துக்கொள்ள விரும்பியவரல்லர்; அவர்களை விடுவிக்கவே விரும்பினர். அதற்கு அவர்கள் கண்ட வழிதான் இந்த விருந்து.

அரசின்மைவாதம் என்னும் கோட்பாட்டைக் கருத்திற் கொண்டு நோக்கும்போதே இச்சம்பவத்தின் முழுப் பொருளும் விளங்கும். தமிழில் ‘அராஜகம்’ என்ற சொல் கேட்ட மாத்திரத்தே கொலையும் கொள்ளையுமே நினைவுக்கு வருகின்றன. புரூதோன், பக்கூனின், குரோபொட்கின் முதலியோர் வகுத்த கொள்கை அதுவன்று. ஆளும் அதிகாரம் யாதுமின்றி, மனிதர் தாமாக விரும்பிக் கூடி, ஒருவருக்கொருவர் உதவி வாழ இயலும் என்பதே அதன் சாரம். இக்கொள்கையினர் பாராளுமன்ற ஆசனத்தை நாடுவதில்லை. சட்டமியற்றி மக்களைத் திருத்தலாம் என்றும் நம்புவதில்லை. ஆள்பவனுக்குக் காவற்படை இருக்கிறது. அயலவனின் நல்லெண்ணம் இல்லாமலும் அவனாற் காலங்கழிக்க முடியும். அரசே வேண்டாமென்பவனுக்கோ அயலவனின் உள்ளத்தைத் தவிர வேறு போர்க்களம் இல்லை. ஆகவே, அயலவனோடு பேசத் தெரியாத அரசின்மைவாதி தன் கொள்கையைத் தானே மறுத்தவனாகின்றான்.

1881ஆம் ஆண்டின் பின்னர், இரஷ்யப் பேரரசில் யூதர் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்செயல்களாலும் வறுமையாலும் துரத்தப்பட்ட மக்கள் மேற்கு நோக்கிப் பெயர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். முதல் உலகப் போர் தொடங்குமுன் பிரித்தானியாவிற் குடியேறியோர் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோராவர். இலண்டன் துறைமுகத்தை அடுத்த வைற்சப்பல், ஸ்ரெப்னி ஆகிய பகுதிகளில் நெருங்கி வாழ்ந்த இவர்களுட் பலருக்குத் தையல் வேலையே கிடைத்தது. பெரிய கடைகளிலிருந்து துணியைப் பெற்றுவரும் சிறு முதலாளி, தன் வீட்டின் பின்னறையில் அல்லது மேன்மாடத்திற் பத்துப் பதினைந்து பேரை இருத்தி, பருவகாலத்தில் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரமும் அதற்கு மேலும் வேலை வாங்குவான். பருவம் போனால் வேலையுமில்லை, கூலியுமில்லை. முதலாளியும் பெரும்பாலும் அதே தெருவாசி. தொழிலாளியினும் சற்றே மேலான நிலையிலுள்ள ஏழை.

இம்மக்களுக்கு அவர்களுடைய யிட்டிஷ் மொழியிலேயே 1885ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை தோன்றியது. ‘தொழிலாளர் நண்பன்’ எனப் பொருள்படும் ‘ஆர்பெற்றர் பிரைன்ட்’ என்பது அதன் பெயர். தொடக்கத்திற் பொதுவாகச் சமதர்மம் பேசிய அப்பத்திரிகை, அடுத்த தசாப்தத்தின் தொடக்கத்தில் அரசின்மைவாதிகளின் கைக்கு வந்தது. பேர்னர் தெருவின் 40ஆம் இலக்க வீட்டிற் கழகமும் ஒன்று நிறுவப்பட்டது. பகலெல்லாம் ஊசியோடு மாரடித்தவன் மாலையில் அங்கே வந்தாற் பேச்சும் பாட்டும் நாடகமும் விவாதமும் கிடைத்தன. உறவினரைப் பிரிந்து வந்த இளைஞனுக்கு அது வீடாயிற்று.

வீடு என்பதிலேதான் தொல்லையும் பிறந்தது. வீட்டிற்கெனத் தனிப் பேச்சும் தனிச் சிரிப்பும் உண்டாகிவிடுகின்றன. கழகத்தாரிற் பலர் இளமையில் வேதபாடசாலைகளிற் கற்றவர்கள். மறைநூல்களை மனப்பாடமாக அறிந்தவர்கள். அவர்களுடைய நகைச்சுவையெல்லாம் அந்நூல்களைத் திரித்துப் பாடுவதாகவும் குருமாரைக் கேலி செய்வதாகவும் அமைந்தது. பண்டிகைச் செபங்களைப் போலவே எழுதப்பட்ட பரிகாச நூல்கள் அச்சேறின. எழுதியவருக்கும் அவருடைய நண்பருக்கும் அவை பெருவிருந்து. ஆனால் அவற்றை இரசிப்பதற்கு ஒருவன் முன்னதாகவே சமயத்தைத் துறந்தவனாக இருத்தல் வேண்டும். செபாலயத்தை விட்டு வெளியேறியவர்கள் இரவு முழுவதும் செபாலயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சமின் பைகன்பௌம் என்னும் எழுத்தாளர் இக்கூட்டத்துள் முன்னணியில் நின்றவர். ஆழ்ந்த பக்தியுடைய குடும்பத்திற் பிறந்தவர். கடவுள் உண்டா என்னும் பொருள் பற்றி அவர் நிகழ்த்திய ஒரு பேச்சைக் குறித்து அக்காலத்தவர் ஒருவர் தம் நினைவுகளில் எழுதியுள்ளார். எல்லாம் வல்ல கடவுள் இருப்பாரேயாயின் இரண்டு நிமிடத்துள் தம்மைக் கொன்று காட்டட்டும் எனக் கூறி, பேச்சாளர் கடிகாரத்தைக் கையிலெடுத்துக் காத்து நின்றாராம். இரண்டு நிமிடமும் கழிந்தது. கடவுள் இல்லை என்பது நிரூபிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட, வாத்தியங்கள் முழங்கின. பாவநிவிர்த்தி நாள் நடனம் பற்றிய அறிவித்தலும் உடனே வந்தது. மண்டபத்தில் இருந்தோருக்கு அஃது எத்துணை மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். தையலறையின் குளிரையோ, கூலி கொடுபடாத வாரங்களையோ அந்த இரண்டு நிமிடங்கள் தொடவில்லை என்பதையும் ஊகிக்கலாம்.

இவர்களிடம் நியாயம் இல்லாமற் போகவில்லை. 1889ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், வேலையற்றோரின் துயரைப் பற்றிச் செபாலயத்திற் பேசுமாறு யூதரின் தலைமைக் குருவை அவர்கள் கேட்டனர், அவர் இணங்கவில்லை. 16ஆம் திகதி, ஓய்வு நாளாகிய சனிக்கிழமை, வேலையற்றோரும் தையற்றொழிலாளரும் பேர்னர் தெருவிலிருந்து பெரிய செபாலயத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். கேட்டது முறையான கேள்வியே. ஆயின், வாத்தியம் இசைத்தல் விலக்கப்பட்ட ஓய்வு நாளில் வாத்திய கோஷ்டியுடன் சென்று கேட்டார்கள். செபாலயத்தினுள் இருந்த ஏழைக்கு வாத்தியத்தின் ஓசை கேட்டது, கோரிக்கை கேட்கவில்லை. அன்று மாலை கழகத்தின் வாயிலிற் கைகலப்பும் கைதுகளும் நிகழ்ந்தன.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், ஏறக்குறையப் பதினாயிரம் தையற்றொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதை நடத்தியவர்களுள் அதே கழகத்தார் முக்கியமானவர்கள். உணவு வேளை உட்பட நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமே வேலை என்பது கோரிக்கை! அதைக் கேட்கவே வேலைநிறுத்தம் தேவைப்பட்டதென்றால் அன்றைய நிலை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில வாரங்கள் நீடித்த அப்போராட்டத்திற் பக்தரும் நாத்திகரும் ஒருங்கே நின்றனர். வேலைநேரத்தைப் பற்றிப் பேசியபோது கழகத்தாரின் குரலை ஊரே கேட்டது. இப்பாடம் கண்முன் கிடந்தும், பாவநிவிர்த்தி நாள் விருந்துகள் ஆண்டுதோறும் தொடர்ந்தன. 1889இல் நியூயோர்க் நகரத்துத் தோழரும் அவ்வழக்கத்தை மேற்கொண்டனர்.

தமக்குள்ளே பேசி மகிழும் இந்நோய் யூதருக்கு மட்டும் உரியதன்று. 1882இல் அமெரிக்கா சென்ற ஜோஹன் மோஸ்ற் என்னும் ஜேர்மானியர் அனல் பறக்கும் பேச்சாளர். அவருடைய ‘பிரைஹைற்’ பத்திரிகை அங்கும் ஜேர்மன் மொழியிலேயே வெளிவந்தது. அவரைச் சூழ்ந்தோர் கூடியது ஜேர்மானியரின் மதுச்சாலைகளில். சுற்றியிருந்த அமெரிக்கத் தொழிலாளிக்கு அவர் பெயர் பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் வாயிலாகவே தெரியும். இலண்டனில் ஆங்கிலேயரின் ‘கொமன்வீல்’ பத்திரிகையோ, வில்லியம் மொறிஸ் விலகிய பின், வெடிகுண்டு பற்றிய வீரவார்த்தைகளிற் சுகங்கண்டது. அதன் ஆசிரியர் 1892இற் சிறை சென்றார். அதே ஆண்டு வோல்சால் நகரில் வெடிகுண்டு வழக்கிற் சிக்கியோரைத் தூண்டிவிட்டவன் பொலிசாரின் கையாளே. யார் உரக்கப் பேசுகிறானோ அவனே உண்மையான தோழன் என்று மதிக்கப்படும் இடத்தில், ஒற்றன் மிக உரக்கப் பேசுவான். வெளியார் காலடி படாத அறையில் அவனை அடையாளங் காண்பதும் அரிது.

இத்தகைய சூழ்நிலையில், 1895ஆம் ஆண்டின் முதல் நாளில், ருடோல்வ் றொக்கர் இலண்டன் வந்து சேர்ந்தார். ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் 1873இற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றவர். பாரிசில் இரண்டாண்டுகள் தங்கியவர். அவர் யூதரல்லர். கிழக்கு இலண்டனில், உக்கிரேனிலிருந்து வந்த தையற்றொழிலாளியான மில்லி விற்கொப் என்னும் பெண்ணைச் சந்தித்து அவரையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். மில்லி பக்திமிக்க வீட்டிலிருந்து வந்தவர். தையலறையிற் சேமித்த காசைக்கொண்டு பெற்றோரையும் சகோதரிகளையும் இலண்டனுக்கு அழைப்பித்தவர். தாம் சமய நம்பிக்கையை இழந்தபோது அப்பெற்றோர் பட்ட வேதனையைக் கண்ணாரக் கண்டவர். 1897இல் இருவரும் அமெரிக்கா சென்றபோது, சட்டப்படி மணம் செய்யாதவர் என்ற காரணத்தால் இறங்க அனுமதிக்கப்படாது திருப்பியனுப்பப்பட்டனர். கொள்கைக்காக எதையும் விட்டுக்கொடுக்காத இவ்விருவரே அயலவரின் கொள்கைக்கும் மதிப்பளித்தனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

1898இல் லிவர்பூல் நகர நண்பர்கள் யிட்டிஷ் வார இதழ் ஒன்றைத் தொடங்க விரும்பி, அதற்கு ஆசிரியராகுமாறு றொக்கரைக் கேட்டனர். அம்மொழியின் எபிரேய எழுத்துக்களைக்கூட அவர் அறியார். ஜேர்மனில் எழுதினாற் போதும், மொழிபெயர்த்துக் கொள்வோம் என்றனர். மொழிபெயர்ப்பு அவருக்கு நிறைவு தரவில்லை. ஆகவே தாமே எழுத்துக் கற்கத் தொடங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் ‘தொழிலாளர் நண்பன்’ அவரை ஆசிரியராக அழைத்தது. இருபத்தைந்து வயதில், தம் மரபினரல்லாத மக்களின் மொழியை எழுத்துக்கூட்டிப் படித்து, பின்னர் அதிலே பதினாறு ஆண்டுகள் எழுதியும் பேசியும் வாழ்ந்தார். மக்களிடம் செல்வதென்றால் முதலில் அவர்களிடம் மாணவனாகச் செல்ல வேண்டும் என்பதை இவர் பிறருக்கு உபதேசிக்கவில்லை, செய்தார்.

1900ஆம் ஆண்டு அவர் ‘ஜெர்மினால்’ என்னும் இலக்கிய இதழையும் தொடங்கினார். பசித்தவனுக்கு இப்சனும் ரோல்ஸ்ரோயும் எதற்கு என்று கேட்ட தோழரும் இருந்தனர். தையற்காரன் பாட்டையும் நாடகத்தையும் அறியத் தகுதியற்றவன் என்று கருதுவதே அவனை இழிவுபடுத்துவது என்பது றொக்கரின் எண்ணம் போலும். ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரித்தானிய நூதனசாலைக்குத் தொழிலாளரை அழைத்துச் செல்வார். எப்பிங் காட்டில் மரநிழலில் இருத்தி விரிவுரை நிகழ்த்துவார்.

பாவநிவிர்த்தி நாள் விருந்துகளை அவர் விரும்பவில்லை. நம்புகிறவன் தன் ஆலயத்திற்குச் செல்லட்டும். நம்பாதவன் தன் கூட்டத்திற்குச் செல்லட்டும். ஒருவன் வாசலில் மற்றவன் சென்று சீண்டுவதால் யாது பயன் என்பதே அவர் நிலை. அவரும் சமய நம்பிக்கையற்றவரே. ஆயினும், பிறர் நம்பிக்கையை அடாவடியால் அகற்ற முற்படுவதும் ஒருவகை அதிகாரமே என்பதைக் கண்டார். அவர் சொல்லியும் எல்லாரும் கேட்டுவிடவில்லை. 1904ஆம் ஆண்டின் பாவநிவிர்த்தி நாளில் ஸ்பிற்றல்வீல்ட்ஸ் பகுதியிற் கல்லெறியும் அடிதடியும் நிகழ்ந்தன. அடுத்த ஆண்டிலேயே அந்நியர் குடிவரவைக் கட்டுப்படுத்தும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஊர் முழுவதும் யூதரை வேண்டாதாராகப் பார்த்த வேளையில் யூதர் ஒருவரையொருவர் கல்லால் அடித்துக்கொண்ட காட்சி மிகவும் பரிதாபத்திற்குரியது.

1906ஆம் ஆண்டு பெப்புருவரி 3ஆம் திகதி, ஜூபிலி தெருவிற் புதிய கழகம் திறக்கப்பட்டது. வைத்தியரின் எச்சரிக்கையையும் பொருட்படுத்தாது முதியவர் குரோபொட்கின் அன்று வந்து பேசினார். நூற்றுக்கணக்கானோர் அமரத்தக்க மண்டபம், நூல்நிலையம், வாசிகசாலை, ஆங்கிலம், வரலாறு முதலியவற்றிற்கான வகுப்புக்கள் ஆகியன அங்கிருந்தன. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: கழகத்தின் வாயில் அங்கத்தவருக்கு மட்டுமன்றி எந்தத் தொழிலாளிக்கும் திறந்திருந்தது. உன் கொள்கை யாது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலம் கற்க வந்தவன் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு போகலாம். பத்திரிகை வாங்கவேண்டுமென்ற கட்டாயமில்லை.

திறந்த வாயிலுக்கும் விலை உண்டு. 1910 டிசம்பரில் ஹவுண்ஸ்டிச் என்னுமிடத்தில் நகைக்கடைக் கொள்ளை முயற்சியின்போது மூன்று பொலிசார் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சிட்னி தெரு வீட்டை இராணுவம் முற்றுகையிட்டது. அதிற் சம்பந்தப்பட்ட லற்வியரிற் சிலர் ஜூபிலி தெருக் கழகத்திற்கு வந்துபோனவர்கள். யார் வேண்டுமானாலும் வரக்கூடிய இடத்திற்கு அவர்களும் வந்ததில் வியப்பில்லை. பத்திரிகைகளோ கழகத்தையே கொலைகாரரின் கூடமாகத் தீட்டின. அப்போதும் அயலவர் கழகத்தைக் கைவிடாததற்கு, அங்கே நடப்பது யாது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டிருந்தமை ஒரு காரணமாகும்.

1912ஆம் ஆண்டில் இவையனைத்தும் சோதனைக்குள்ளாயின. இலண்டனின் மேற்குப் பகுதியில் உயர்தர ஆடை தைக்கும் சுமார் 1,500 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றுபோன வேலை கிழக்குப் பகுதியின் சிறு தையலறைகளில் மறைமுகமாக முடிக்கப்பட்டது. போராட்டத்தைக் காட்டிக்கொடுப்பவர் யூதர் என்ற பழி சூழ்வதை றொக்கரும் தோழரும் உணர்ந்தனர். மே மாதம் 8ஆம் திகதி மைல் எண்ட் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். இடமின்றி வெளியே நின்றவரும் பலர். இரண்டு நாளில் ஏறக்குறைய 13,000 தையற்றொழிலாளர் வேலையை நிறுத்தினர். தங்களுக்காக மட்டும் அவர்கள் எழுந்தாரல்லர். தம் பெயருக்காகவும் எழுந்தார்கள். கையிற் பணமில்லை. பொதுச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. பாண் சுடும் தொழிலாளர் பாண் அளித்தனர். ‘தொழிலாளர் நண்பன்’ நாளேடாயிற்று. மூன்று வாரத்தின்பின் முதலாளிகள் இணங்கினர். வேலைநேரம் குறைந்தது, தையலறைகளின் சுகாதார நிலையைத் திருத்தவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அன்று கைதூக்கி வாக்களித்த ஆயிரவருட் பாவநிவிர்த்தி நாளில் நோன்பிருப்போரும் அதிகம் என்பதில் ஐயமில்லை.

அவ்வேளை துறைமுகத் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். அவர்கள் ஐரிஷ்காரரும் ஆங்கிலேயரும். யூதக் குடியேற்றத்தின்மேல் வெறுப்புக்கொண்டோர் அவர்களுள் நிறைய இருந்தனர். தையற்றொழிலாளர் வென்றபோதும் துறைமுகத்தவர் போராட்டம் முடியவில்லை. வீடுகளிற் பசி மூண்டது. றொக்கரின் நண்பர்கள் யூதக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் 300க்கு மேற்பட்டோர், தையற்காரரின் சிறிய வீடுகளில் ஏற்கப்பட்டு உண்டு உறங்கினர். பிள்ளைகளுக்கு உடையும் பாதணியும் தேடிக் கொடுக்க மில்லியும் தோழியரும் அலைந்தனர். மூன்றாண்டு பிரசாரம் செய்தும் மாறாத வெறுப்பு, மாலையிற் பிள்ளையைப் பார்க்க வந்த தாய்க்கும் அப்பிள்ளைக்குச் சோறூட்டிய தாய்க்கும் இடையில் எவ்வாறு நின்றுபிடிக்கும்? 1936இற் கேபிள் தெருவிற் பாசிசவாதிகளின் ஊர்வலத்தை மறித்து யூதரோடு துறைமுகத்தவர் நின்றபோது, அந்த 1912ஆம் ஆண்டின் நினைவும் அங்கே வேலை செய்தது என வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இத்தனை ஆயிரவருள் அரசின்மைவாதிகளானோர் எத்தனை பேர்? சிலரே. மக்கள் றொக்கரை நேசித்தனர், அவர் சொற்படி வேலையை நிறுத்தினர், பின்னர் தம் செபாலயத்திற்கே திரும்பினர். கழகத்துள்ளேயே இதைக் குறையாகச் சொன்னவர் இருந்தனர்: கொள்கையை மறைத்துச் சங்கவேலை செய்வதானாற் கொள்கைக்கென ஒரு கழகம் எதற்கு? இக்குறைகூறலை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. தூய கொள்கையை ஐம்பது பேருடன் காத்தவரிடம் ஐம்பது பேர் எஞ்சினர். றொக்கரிடம் எஞ்சியதை எண்ணிக் கணக்கிட முடியவில்லை. ஆள்பவர் இல்லாமலே பதின்மூவாயிரம் பேர் மூன்று வாரம் தமக்குத்தாமே சமைத்து, பகிர்ந்து, ஒழுங்கு காத்தமை அக்கொள்கைக்கு நிகழ்காலத்திற் கிடைத்த சான்று என்று வேண்டுமானாற் கூறலாம்.

1914இற் போர் மூண்டது. ஆண்டிறுதியில் றொக்கர் பகைநாட்டவர் என்று தடுத்துவைக்கப்பட்டார். 1916இற் பத்திரிகை நசுக்கப்பட்டது, மில்லியும் கைதானார். 1917இல் இரஷ்யப் புரட்சியின் செய்தி கேட்டுத் தோழர் பலர் தாயகம் திரும்பினர். 1918இல் றொக்கர் ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டார். கிழக்கு இலண்டனில் எஞ்சிய தையற்காரரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளிற் படித்தனர். பெற்றோர் கழகத்தின் இரவு வகுப்பிற் பாடுபட்டுக் கற்ற மொழி அவர்களுக்கு விளையாட்டிலேயே வந்தது. தந்தையர் படித்த பத்திரிகையின் எழுத்தை அறியாத தலைமுறை வளர்ந்தது. றொக்கர் நாசிகளுக்குத் தப்பி 1933இல் அமெரிக்கா சேர்ந்து, 1958இல் அங்கே காலமானார். தம் இலண்டன் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நினைவுகள் 1956இல் இலண்டனில் நூலாயின. அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஜோசப் லெவ்ற்விச். அதே வைற்சப்பல் தெருக்களில் வளர்ந்தவர்.